ஆணி அடித்த சுவர்

ஜூன் 3, செவ்வாய்

மண்சரிவு ஆபத்தைக் கணக்கெடுக்கப் பள்ளிக்கூடத்தின் பின்னறையைப் பொறியாளருக்கும் எனக்கும் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியைக்குப் பெரிய மனசு. உடைந்த பெஞ்சுகளை ஒரு மூலையில் ஏற்றி அடுக்கிவிட்டு, ஒரு மேசை, மூன்று நாற்காலி, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மண்மேடு, பச்சைப் பசேலென்று பாசி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. பொறியாளருக்கு வாயெல்லாம் பல்.

இனி மழைக்காலம் முடியும்வரை இதுதான் நம் ஆபீஸ். மேட்டுத் தெருவிலிருந்து ஓடைக்கரை வரை ஒரு வீடு விடாமல் ஏறி இறங்க வேண்டும். இரண்டே கேள்விதான். இந்த வீட்டின்மேல் எது வந்து விழக்கூடும்? விழுந்தால் உள்ளே இருப்பவர்களில் யாரால் எழுந்து ஓட முடியும்? முதலாவது பொறியாளருடையது. இரண்டாவது என்னுடையது. அவர் மலையைப் பார்ப்பார், நான் கட்டிலில் படுத்திருப்பவர்களைப் பார்ப்பேன்.

இரண்டையும் சேர்த்து வீட்டுக்கு ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை. பெரிய மேப்பைப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் நேராகப் பின்சுவருக்குப் போய் உள்ளங்கையை வைக்கிறேன். மக்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஜோசியக்காரி என்று நினைக்கிறார்களோ என்னவோ. சுவர் ஈரமாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள மண் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் அறிகுறி அதுதான். அடுத்து விரிசல், அடுத்து சாய்ந்த மரம், சாய்ந்த கம்பம்.

ஈரத்தைக் காட்டினால் எல்லாரும் பூச்சைத்தான் திட்டுகிறார்கள். "பூசினவன் சரியில்லம்மா, சிமென்ட்ல கை வெச்சுட்டான்." எத்தனை கொத்தனார்களின் தலை இன்று உருண்டதோ.

ஜூன் 10, செவ்வாய்

மேப்பின் மூலை மறுபடியும் கழன்று விழுந்துவிட்டது. இந்த டேப் எதற்கும் லாயக்கில்லை. நாளை நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்.

ஜூன் 14, சனி

இன்று அண்ணன் வீடு. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், வேறு வழியில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிக் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றான். "வாங்க ஆபத்து மேடம், எங்க வீட்டுக்கும் வந்துட்டீங்களா? செருப்பைக் கழட்டிட்டு வாங்க, தரைக்கு ஆபத்து." அண்ணி தையல் மெஷினில் இருந்து எழாமலே சிரித்தாள். அவர்கள் மகள் வாலு (உண்மையான பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, அவளும் திரும்புவதில்லை) என் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பூனையை அளக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு செங்குத்தாக நிற்கிறது. மேலே இருக்கிற விளக்குக்கம்பம் சாய்ந்திருக்கிறது. நான் காட்டினேன். "அது குடிச்சிருக்கு. காலைல தெளிஞ்சிடும்" என்றான். முப்பது வருஷமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவனாம், மலை அவனுக்குச் சொல்லாமல் எதுவும் செய்யாதாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் படித்துவிட்டு வந்ததெல்லாம் இவனுக்கு விளையாட்டு.

சிவப்பு. என் கையாலேயே வைத்தேன்.

ஜூன் 18, புதன்

புது டேப்பும் நிற்கவில்லை. விசிறியைப் போட்டால் மேப் மொத்தமாகக் கழன்று மேசைமேல் வந்து விழுகிறது. பொறியாளரின் டீயில் மூலை நனைந்து ஓடைக்கரை முழுக்கப் பழுப்பு. கடைசியில் ஆணி அடித்தேன். சுத்தியல் பட்டதும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரே அடி. "உங்க கைக்கு நல்ல பலம்" என்றார் பொறியாளர்.

ஜூலை 2, புதன்

எல்லா வீடும் முடிந்தது. சிவப்பு வீட்டுக்காரர்கள் மழை வலுத்தால் எங்கே போவது என்று இன்று கூட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம்தான், வேறென்ன? கான்கிரீட் கூரை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சமைக்க இடம், எல்லாருக்கும் வழி தெரியும். தலைமையாசிரியை தலையாட்டினார். பொறியாளர் கையெழுத்துப் போட்டார். நான் மேப்பில் பச்சைப் பொட்டு வைத்தேன், மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக.

ஒரு மாதமாக நாங்களே குடியிருக்கிற இடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 19, சனி

முதல் எச்சரிக்கை. ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாகச் சொன்னோம். பாதிப்பேர் வந்தார்கள், பாயும் பிள்ளையுமாக. அண்ணன் வரவில்லை.

அவன் வீட்டு வாசலில் மழையில் நின்று கத்தினேன். அவன் ஜன்னல் வழியாக, "உள்ள வந்து கத்து, நனையுற" என்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறான்! வாலுவையாவது அனுப்பு என்றேன். "அவ அப்பா இருக்கற எடத்துலதான் இருப்பா." என் வாயில் வந்துவிட்டது: "உனக்கு ஏதாவது ஆனா நான் வந்து அழமாட்டேன், சொல்லிட்டேன்."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அண்ணிதான் ஜன்னலைச் சாத்தினாள்.

ஜூலை 20, ஞாயிறு

விடிந்ததும் வானம் துடைத்துவைத்த மாதிரி. ஒரு கல்கூட உருளவில்லை. பள்ளிக்கூடத்தில் படுத்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு கிழவர், "அடுத்த தடவை தலையணையும் சேர்த்து நீங்களே கொடுத்திடுங்க, எனக்குக் கழுத்துப் பிடிச்சிக்கிச்சு" என்றார். என் வேலையில் இதுதான் கொடுமை. நான் சொன்னது நடந்தால் ஊர் அழும், நடக்காவிட்டால் ஊர் சிரிக்கும்.

அண்ணன் போன் செய்யவில்லை. நானும் செய்யப்போவதில்லை.

ஜூலை 24, வியாழன்

செய்யவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. "ஏறு, ஆபத்து." பஸ் முழுக்க ஆட்கள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஏறாமல் என்ன செய்ய?

முன்னால் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். வளைவைத் தாண்டினோம். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அழமாட்டேன்னு சொல்லிட்டல்ல? மூணு நாள் சோறு எறங்கல எனக்கு."

"நான் ஏதோ கோவத்துல…"

"தெரியும். அடுத்த தடவை போறேன். மலைக்குப் பயந்து இல்ல. நீ சொல்றதுக்காகப் போறேன். போதுமா?"

தலையாட்டினேன். கண்ணாடியில் பார்த்திருப்பான். இறங்கும்போது, "டிக்கெட் எடுத்தியா?" என்று உரக்கக் கேட்டு மானத்தை வாங்கினான். இன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று மாலையிலிருந்து விடாத மழை. விடியும்போதே எச்சரிக்கை கொடுத்துவிட்டோம். என்னை நகரத்தில் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பொறியாளர் பார்த்துக்கொள்கிறார்.

இப்போதுதான் அண்ணன் பேசினான்.

"வந்துட்டோம் தாயே. குடும்பத்தோட ஆஜர். உன் அண்ணி மெஷினையும் தூக்கிட்டு வரணும்னா, நான்தான் வேணாம்னேன். வாலு உன் நாற்காலியில உக்காந்து சுத்துறா."

"அது சுத்துற நாற்காலி இல்லியே."

"அதான் அதோட கால் போச்சு."

சிரித்தேன். பிறகு சொன்னான், "உன் மேப் ஒரு பக்கம் தொங்குது. ஆணி லூசாயிடுச்சு. சுவர் மாவு மாதிரி உதிருது. வேற எடம் பாத்து அடிச்சிடறேன்."

"விடு அண்ணா, நான் வந்து பாத்துக்கறேன்."

"சும்மா உக்காருன்னா எனக்கு ஆகாது. தங்கச்சி ஆபீஸ், நாலு பேர் பாக்குற எடம். சரி வை, வேலைய பாரு."

வந்துவிட்டான். அந்தச் சிவப்புப் பொட்டுக்குள் இப்போது யாரும் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது போலிருக்கிறது. பசிக்கிறது. சாப்பிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணன் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதினால் புரியுமா என்று பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு மதியம் சரிந்தது. வேறெங்கும் எதுவும் நடக்கவில்லை. மேட்டுத் தெருவில் ஒன்றுமில்லை, ஓடைக்கரையில் ஒன்றுமில்லை. சரிந்தது அந்த மேடு மட்டும், விழுந்தது அந்தச் சுவர் மட்டும். சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் முன்வராந்தாவில் வரிசையில் நின்றார்கள். அண்ணியும் வாலுவும் தட்டோடு நின்றார்கள். "நீங்க வாங்குங்க, இந்த ஆணிய முடிச்சிட்டு வர்றேன்" என்றானாம்.

வராந்தாவில் நின்றவர்களுக்குக் கீறல்கூட இல்லை. அவனை வெளியே எடுக்கும்போது சுத்தியல் கையிலேயே இருந்தது என்று பொறியாளர் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார்?

நான் அழமாட்டேன் என்று சொன்னேன் இல்லையா. அவனைப் பார்த்தபோது வரவே இல்லை. கல்லு மாதிரி நின்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள்.

பிறகு அவன் வீட்டுக்குப் போனோம். அந்தச் சிவப்பு வீட்டுக்கு. ஓடு ஒன்றுகூட நகரவில்லை. கொடியில் அவன் சட்டை சொட்டச் சொட்ட நனைந்து தொங்கியது. கம்பம் போன மாதம் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே. அங்கேதான் உடைந்தேன். வாசல்படியில் விழுந்து அழுதேன். அண்ணி என்னைத் தூக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள், யாரிடமோ சொல்வது போல:

"வீட்லயே இருந்திருப்பாரு."

ஆகஸ்ட் 27, புதன்

வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் தொட்டேனே. முன்னே பின்னே தெரியாதவர்கள் வீட்டுக்குள் புகுந்து, பூசாரி மாதிரி உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேனே. ஈரமா இருக்கா, விரிசல் இருக்கா, எவ்வளவு நாளா இருக்கு. ஆனால் எந்தச் சுவரில் மேப்பை மாட்டினேனோ அந்தச் சுவரை? டேப் நிற்கவில்லை. டேப்பைத் திட்டினேன். அவர்கள் பூச்சைத் திட்டினார்கள் என்று சிரித்தேன், நான் டேப்பைத் திட்டினேன். ஒரே திட்டுதானே? குளுகுளுவென்று இருக்கிறதாம்! ஏன் குளுகுளுன்னு இருக்குன்னு ஒருத்தருக்காவது கேக்கத் தோணுச்சா? ரெண்டு பேர் உக்காந்திருந்தோம், ரெண்டு பேரும் படிச்சவங்க—

அவன் போன்ல சொன்னான். மாவு மாதிரி உதிருதுன்னு சொன்னான். வேற யார் வீட்டுல இருந்து வந்திருந்தாலும் "உடனே வெளிய போங்க"ன்னு கத்தியிருப்பேன். எங்க ஆபீஸ் சுவர். அதனால "நான் வந்து பாத்துக்கறேன்".

வந்து பார்த்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

விசாரணை. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். "யாரும் எதிர்பார்க்க முடியாதது" என்று எழுதி முடித்துவிடலாம் என்பது போலப் பேசினார். பொறியாளர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாகிவிட்டார்.

நான் சொன்னேன்: "எதிர்பார்த்திருக்க முடியும் சார். சுவர் ஈரமா இருந்துச்சு. வீடுகளை மட்டும்தான் பாத்தோம். ஜனங்களை எங்க அனுப்புறோமோ அந்த எடத்தைப் பாக்கவே இல்ல. அங்க உக்காந்துதான் மத்ததெல்லாம் பாத்தோம்."

அதிகாரி பேனாவை மூடினார். பொறியாளர்தான் முதலில் பேசினார். "அவங்க சொல்றது சரி. கையெழுத்து என்னோடது." வெளியே வந்தபின் படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் தோளில் கை வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

இனி இப்படி: ஒதுங்குமிடம்தான் முதலில், வீடுகள் பிறகு. எழுத்தில் கேட்டிருக்கிறேன். எல்லா ஊருக்கும்.

செப்டம்பர் 20, சனி

அண்ணி அந்தச் சிவப்பு வீட்டில்தான் இருக்கிறாள். என்ன முகத்தோடு "அங்கே இருக்காதீர்கள்" என்பேன்? கம்பம் சாய்ந்துதான் இருக்கிறது. சரிவு சரிவுதான். அது ஒருமுறை விட்டுவைத்தது என்பதற்காகப் பச்சையாகிவிடாது. இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வீடு அவள் புருஷனைக் கொல்லவில்லை.

கதவைத் தட்டினேன். மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாலு ஜன்னலில் வந்தாள். "அத்தை, அம்மா உங்ககூடப் பேசக்கூடாதுன்னு இல்லையாம். பேச வரலையாம்."

அளவு டேப்பை என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு எடுத்தது. நீயே வைத்துக்கொள் என்றேன்.

அக்டோபர் 4, சனி

புது ஒதுங்குமிடம் தேடி பஸ் டிப்போவுக்குப் போனேன். மேட்டு முகட்டில் இருக்கிறது, அதைவிட உயரமாகப் பக்கத்தில் எதுவும் இல்லை. நாள் முழுக்கச் சுற்றினேன். பின்னால் போனேன், கீழே இறங்கினேன், கூரைமேல் ஏறினேன். நான்கு சுவரையும் தொட்டேன். மழை பெய்தபின் மறுபடி வந்து தொடுவேன் என்றேன். மேனேஜர், "தொடுங்கம்மா, எத்தனை தடவை வேணாலும்" என்றார். அவருக்கு நான் யார் தங்கை என்று தெரியும்.

அண்ணனின் பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறார், ஆள் குள்ளம். கண்ணாடி மட்டும் அண்ணன் வைத்த கோணத்திலேயே இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

அக்டோபர் 23, வியாழன்

மழை. டிப்போ போனேன். சுவர் காய்ந்தே இருக்கிறது.

நவம்பர் 1, சனி

ஊர்க்கூட்டம். இனி எச்சரிக்கை என்றால் டிப்போ என்றேன். கழுத்து பிடித்துக்கொண்ட அந்தக் கிழவர் எழுந்தார். இந்தமுறை கிண்டல் இல்லை. "நாங்க போறோம்மா. நீங்க எங்க இருப்பீங்க? போன்லயா?"

அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏதோ துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அங்கதான் இருப்பேன்" என்றேன். "உங்களுக்கு முன்னால வந்து, உங்களுக்குப் பின்னாலதான் போவேன்."

நவம்பர் 8, சனி

காலையில் எச்சரிக்கை. கட்டுப்பாட்டு அறைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். திட்டினார்கள், திட்டட்டும்.

ஒலிபெருக்கி வண்டியை ஓடைக்கரைக்கு அனுப்பிவிட்டு நான் நடந்தே மேலே போனேன். அண்ணன் வீட்டு வாசலில் அதே இடத்தில், அதே மழையில் நின்றேன். கத்தவில்லை. கத்த எனக்கு என்ன உரிமை? வெறுமனே நின்றேன். வரமாட்டாள் என்றால் நானும் உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவு திறந்தது. அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது இதுதான் முதல்முறை.

"சுவரைத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. இன்னிக்குக் காலைலயும் பாத்தேன்."

உள்ளே போனாள். வாலுவுக்குச் செருப்பு மாட்டினாள். மெஷினின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கனம். மூன்று பேரும் ஒரே குடையில் முகட்டுக்கு ஏறினோம், பாதி நனைந்து.

டிப்போவில் எங்களுக்கு முன்பே நிறையப் பேர் வந்திருந்தார்கள். பஸ்களை வெளியே நிறுத்திவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். அண்ணி உட்காரவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போனாள். உள்ளங்கையை முழுக்க விரித்து வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், புடவையில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு பக்கத்துச் சுவர். பிறகு அடுத்தது.

நான்கும் முடிந்தபின் வந்து சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்தாள். மெஷின் தலையை அணைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கை வலிக்கும்" என்றாள், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு. "உக்காரு."

அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். வாலு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸை அளக்கப் போயிருந்தாள்.

இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன். இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது.